பீடி தொடாத அம்மாவுக்கு ஏன் இந்த இளைப்பு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. 30 வருடம் விறகு அடுப்பில் சமைத்தவர். இரண்டு வருடமாகக் காலையில் சளியோடு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'வீசிங்' என்று சொல்லி அவ்வப்போது நெபுலைசர் வைத்து அனுப்புகிறார்கள். இது ஆஸ்துமாவா? இன்ஹேலர் பழகிவிடும் என்று பயப்படுகிறார்.

பதில்: வீசிங் என்பது நோயின் பெயரே இல்லை. மூச்சுக்குழாய் சுருங்கும்போது கேட்கும் விசில் சத்தம், அவ்வளவுதான். ஆஸ்துமாவிலும் கேட்கும், சிஓபிடியிலும் (மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) கேட்கும், சில சமயம் இதயம் பலவீனமானாலும் கேட்கும்.

ஆஸ்துமா பெரும்பாலும் வந்து வந்து போகும். விடியற்காலையில் திணறியவர் மத்தியானம் சாதாரணமாக இருப்பார். தூசி, குளிர், தாளிக்கும் நெடி பட்டால் கிளம்பும். சிஓபிடி அப்படியல்ல; சத்தமில்லாமல் வருடக்கணக்கில் ஏறும். போன வருடம் இரண்டு மாடி ஏறியவர் இந்த வருடம் ஒரு மாடியில் நின்றுவிடுவார். சிகரெட், பீடி பிடிக்கிறவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்கிறோம். ஊதுகுழலோடு புகையில் உட்கார்ந்த பெண்களுக்கும் வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

ஆனால் சந்தேகத்தை வைத்து மருந்து கொடுக்க முடியாது. ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள். ஒரு குழாயில் மூச்சை வேகமாக ஊதச் சொல்வார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஊதும் மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் நொடியில் வெளியேறவில்லை, மருந்துக்குப் பிறகும் அதே நிலை என்றால் சிஓபிடி என்று எடுத்துக்கொள்வோம். கூடவே எக்ஸ்ரே, இசிஜி. சளிப் பரிசோதனையையும் விடாதீர்கள்: இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். அது பழக்கமாகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்தான். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. நேராக நுரையீரலுக்குப் போவதால் அதுவே போதும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) வைத்து இழுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிவது இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போட மட்டும் கொல்லையில் விறகு எரியும் வீடுகள் நிறைய. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அந்த வேலை அம்மாவுக்கு வேண்டாம்.