இடிமழையைத் துரத்த வாடகைக் காரா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். மே மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் ஓக்லஹோமா பக்கம் போய் இடிமழையைத் துரத்திப் பார்க்க ஆசை. சொந்தக் காரைக் கெடுக்க மனமில்லை, வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. ஆலங்கட்டி விழுந்து கார் சொட்டையானால் யார் பணம் தருவார்கள்? கிரெடிட் கார்டு பார்த்துக்கொள்ளும் என்கிறான் நண்பன். செலவைப் பங்கு போட்டால் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் சொந்தக் கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான காப்பு) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆலங்கட்டிச் சேதம் அதில்தான் வரும். அடுத்தவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கான லயபிலிட்டி மட்டும் வைத்திருந்தால் ஒரு சென்ட் கிடைக்காது. பெரும்பாலும் அந்தக் காப்பு வாடகைக் காருக்கும் நீளும், டிடக்டிபிள், அதாவது காப்பு தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை, உங்கள் கையிலிருந்து. கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கும் வாடகை கம்பெனி பணம் கேட்கும், அதையும் பாலிசி தருமா என்று ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். போனில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

கார்டு விஷயத்தில் நண்பர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். சில கார்டுகள் மோதலுக்கும் திருட்டுக்கும் மட்டும்தான் தரும். ஆலங்கட்டிக்கும் தருகிற கார்டிலும் முழு வாடகையையும் அதிலேயே கட்டியிருக்க வேண்டும், கவுன்டரில் அவர்கள் நீட்டும் டேமேஜ் வெய்வரை (சேதத்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டோம் என்று காசு வாங்கிக்கொண்டு தரும் வாக்கை) மறுத்திருக்கவும் வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். காசு கொடுத்து வெய்வர் வாங்கிவிட்டோம், இனி என்ன ஆனால் என்ன என்று நினைப்பீர்கள். ஆனால் பல ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஓட்டினால் வெய்வர் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஓக்லஹோமாவிலும் கான்சஸிலும் வயல்களுக்கு நடுவே மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்ட மாதிரி ரோடுகள், அதில் பாதி மண்ணும் சரளையும்தான், மேகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திரும்பத்தான் கை வரும், மழை விழுந்த செம்மண்ணில் சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கினால் இழுவை வண்டிக்காரர் எழுதும் ரசீதிலேயே எந்த ரோடு என்று இருக்கும். சொட்டை விழுந்தது ஆலங்கட்டியால்தான் என்றாலும் அவர்கள் அந்த ரசீதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கேன்சல் பண்ண முடியாத இடத்தில் வந்து நின்ற பிறகுதான் இருபது பக்க ஒப்பந்தத்தைத் திரையில் காட்டிக் கையெழுத்து கேட்பது என்ன முறையோ, தெரியவில்லை.

ஆலங்கட்டியில் சிக்காமல் இருப்பதுதான் மலிவு. சமவெளியில் சுழலும் இடிமேகம் பெரும்பாலும் வடகிழக்காக நகரும், கனமான ஆலங்கட்டி அதன் வடக்குப் பகுதியில் கொட்டும். தென்கிழக்கில் நின்று பாருங்கள். தார் ரோடாக இருக்கட்டும், தெற்கே விலகிப் போக வழியும் இருக்கட்டும். போனில் பார்க்கும் ரேடார் படம் சில நிமிடம் பழையது, அதை நம்பி மழைக்குள் புகுந்து மறுபக்கம் வரலாம் என்று நினைக்காதீர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கு மேல் அகலமான டொர்னேடோ திசை மாறியபோது, இதையே தொழிலாகக் கொண்ட டிம் சமாராஸ் குழுவினர் மூவரும் இறந்தார்கள். ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம் காலை 8 மணிக்கும் 11:30-க்கும் அறிக்கையைப் புதுப்பிக்கும், இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தடியில் காரை ஒதுக்குவதும் வேண்டாம். 1999 மே 3 டொர்னேடோவில் அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் செத்தார்கள்.

கார் சொட்டையாகிவிட்டால் உடனே போட்டோ எடுத்து வாடகை கம்பெனிக்குத் தெரிவியுங்கள். ஆலங்கட்டி பெய்த ஊரில் மறுநாளே மோட்டல் வாசலில் சொட்டை எடுக்கிறோம் என்று கூடாரம் போட்டுவிடுவார்கள். டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள் என்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். உங்கள் கிளெய்மை அவர் கைக்கு மாற்றும் தாளாக அது இருக்கலாம். வாடகைக் காரை வெளியாளிடம் ரிப்பேர் செய்தால் கம்பெனிக்காரர் வேறு தகராறு செய்வார்.

பெட்ரோலையும் வாடகையையும் நால்வரும் பங்கு போடுவதில் சிக்கல் இல்லை. தெரியாத ஆட்களை ஏற்றி சீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் மட்டும் அது கூலி சவாரி, பாலிசி கைவிரித்துவிடும். நாலு பேரில் யாரெல்லாம் ஓட்டுவீர்களோ அத்தனை பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.