வாசகர் கேள்வி: பேரனை ‘மிலிட்டரி கேம்ப்’பில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் வயிற்றுப் பேரனுக்கு 16 வயது. பைக் திருட்டில் கூட்டாளிகளோடு மாட்டினான். இளைஞர் நீதிக் குழுமத்தில் ஜாமீன் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை சிங்கப்பூரில். “மூணு மாசம் மிலிட்டரி கேம்ப்ல போடுங்க ஆச்சி, கம்பி மாதிரி நிமிர்ந்துருவான்” என்கிறார் ஒருவர். அனுப்பலாமா? இந்த வழக்கு பின்னாளில் வேலைக்குத் தடையாகுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அனுப்ப வேண்டாம் ஆச்சி. தப்பு செய்தவர்களை ராணுவப் பயிற்சி கொடுத்துத் திருத்தப் பார்க்கும் இந்த முகாம்களை அதிகம் நடத்திப் பார்த்தது அமெரிக்கா. 1983இல் பெரியவர்களுக்குத் தொடங்கி, பிறகு சிறுவர்களுக்கும் வந்தது. முகாமுக்குப் போனவர்களையும் வேறு தண்டனை பெற்றவர்களையும் ஒப்பிட்ட 43 ஆய்வுக் கணக்குகளை 2005இல் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மறுபடி குற்றம் செய்வதில் வித்தியாசமே இல்லை.

காலை விசில், வரிசை, தண்டால் எல்லாம் விசில்காரர் எதிரே நிற்கும்வரைதான். ஊர் திரும்பினால் அதே தெரு, அதே கூட்டாளிகள். முகாமில் இவனைவிடத் தேர்ந்த பையன்களின் சிநேகம் வேறு சேர்ந்திருக்கும்.

உயிருக்கும் ஆபத்துண்டு. பழக்கமில்லாத உடம்பை வெயிலில் ஓடவிட்டு, தண்டனையாக நூற்றுக்கணக்கில் தண்டால் எடுக்கவைத்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘நடிக்கிறான்’ என்று தண்ணீர் தர மறுக்கிற இடத்தில் பையனைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? ஃபுளோரிடாவில் 2006 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்த முதல் நாளே ஓட முடியாமல் நின்றுவிட்டான். காவலர்கள் பிடித்து அமுக்கி, வாயைப் பொத்தி, அம்மோனியாவை முகரவைத்தார்கள். மறுநாள் இறந்தான். அந்த ஆண்டே அம்மாநிலம் சிறார் முகாம்களை மூடியது.

குழுமத்துக்குச் சொல்லாமல் வெளியூர் அனுப்பினால் வாய்தாவும் தவறும், ஜாமீனுக்கே சிக்கல்.

குழுமத்துக்கு அறிக்கை கொடுக்க நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வருவார். பள்ளிக்கு எப்போது மட்டம் போட ஆரம்பித்தான், போதைப் பழக்கம் உண்டா, இரவில் யாரோடு சுற்றுகிறான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பேரன் மேலுள்ள பாசத்தில் மூடி மறைத்தால் அவனுக்கு ஒத்துவராத உத்தரவுதான் வரும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் குழு ஆலோசனை, சமூக சேவை, தொழிற்பயிற்சி, போதை மீட்பு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஐ.டி.ஐ.யில் 14 வயது முடிந்தவர்கள் சேரலாம். 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதுமான பிரிவுகளும் உள்ளன. அம்மான் உள்ளூரில் இருந்தால், சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணிவரை பையன் எங்கே என்பது அவருக்குத் தினமும் தெரிய வேண்டும். பொழுது போகாமல் தெருவில் நிற்கிற நேரம் அது.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த வழக்கால் தகுதியிழப்பு வராது என்கிறது அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களையும் அழித்துவிட வேண்டும்.