அப்பாவுக்கு வீட்டுக்கே வர்ற பாலியேட்டிவ் கேர் (வலி, அவஸ்தையைக் குறைக்கிற கவனிப்பு), எதைப் பாத்து முடிவு பண்றது?

சகோ, அப்பாவுக்கு கேன்சர் முத்திப்போச்சு, டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு, மதுரையில ஒரு இடம் மாசப் பேக்கேஜ் சொல்றாங்க இன்னொண்ணு ட்ரஸ்ட், எதை நம்புறதுன்னு கேட்டிருந்தீங்க. ஏசி ரூம் போட்டோவெல்லாம் ஓரமா வைங்க. முதல்ல கடுமையான வலிக்குக் கொடுக்குற மார்ஃபின் மாத்திரை வச்சிருக்காங்களான்னு கேளுங்க. 2014ல என்டிபிஎஸ் சட்டத்தை (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) திருத்தினதுக்கு அப்புறம் அதை வச்சுக்க அங்கீகாரம் வாங்குறது முன்ன மாதிரி கஷ்டமில்ல, அப்பவும் இல்லைன்னா கடுமையான வலி வந்தா என்ன பண்ணுவாங்க? இருக்குன்னா, சாதாரண மார்ஃபின் மாத்திரை (மெதுவா வேலை செய்யுற வகை இல்ல) 4 மணி நேரத்துக்கு ஒருதடவை, நடுவுல வலி கிளம்பினா எக்ஸ்ட்ரா எவ்வளவுன்னு எழுதித் தருவாங்களா, கூடவே மார்ஃபினால வர்ற மலச்சிக்கலுக்கு மருந்து உண்டான்னு பாருங்க, இதை மறக்கிற ஆளுங்கள எனக்கு நம்பத் தோணாது.

அடுத்து ராத்திரி 2 மணிக்கு போன் எடுக்குறது யாரு? எங்கம்மாவுக்கு நாங்க பிடிச்ச இடத்துல (பேரு வேணாம்) 24 மணி நேரம்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க, அம்மாவுக்கு மூச்சு வாங்கினப்ப போனை எடுத்தது செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கன்னு வச்சிட்டாரு. அதனால சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி போன் அடிச்சுப் பாத்துடுங்க, சங்கடப்படவே வேணாம்.

நர்ஸ் முதல் தடவை வரும்போது முதுகு, குதிகால்ல படுக்கைப்புண் இருக்கான்னு பாக்குறாங்களா, அப்பாகிட்டயே பேசுறாங்களா, இல்ல உங்ககிட்ட ஃபைல் மட்டும் வாங்கிப் புரட்டுறாங்களா, கவனிங்க.

காசு கொடுத்தாத்தான் நல்லதுன்னு இல்ல. 2021ல ஆரம்பிச்ச தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் கேரை இலவசமா பண்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க. பேக்கேஜ்தான்னு முடிவானா ஆக்சிஜன் மெஷின் வாடகை, டயப்பர் எல்லாம் அதுல சேருமான்னு எழுத்துல வாங்கிக்கங்க.