முகம் வெட்டுப்பட்ட படம்

கேள்வி: மன்னார்குடியில் 26 வருடமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மகளுக்கு 20 வயது, விஸ்காம் படிக்கிறாள். ராபர்ட் மேப்பிள்தார்ப் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் ஆண்கள் நிர்வாணமாக நிற்கிறார்கள். லேப்டாப்பைப் பிடுங்கி மூடிவிட்டேன். நாலு நாளாக என்னோடு பேசவில்லை. நான் செய்தது தப்பா?

- பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: அன்புள்ள ஐயா,

பிடுங்கியது தப்புதான். கூசியது தப்பில்லை.

மாட் ஸ்மித் நடித்து 2018-இல் முதலில் திரையிடப்பட்ட படம் அது. நிர்வாணம் உண்டு, உடலுறவுக் காட்சிகள் உண்டு, போதைப்பழக்கமும் உண்டு. மேப்பிள்தார்ப் எடுத்த அசல் புகைப்படங்களும் இடையிடையே வருகின்றன. 15 வயதுப் பிள்ளை பார்த்திருந்தால் நானும் மூடச் சொல்லியிருப்பேன். உங்கள் மகளுக்கு 20. தியேட்டரில் ‘ஏ’ படம் பார்க்கவே நம் சட்டத்துக்கு 18 போதும்.

மேப்பிள்தார்ப் 1946-இல் நியூயார்க்கில் பிறந்து, 1989-இல் எய்ட்ஸ் நோயால் 42 வயதில் இறந்தவர். ஆண்களைக் காதலித்தவர். அந்த வாழ்க்கையை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் படமெடுத்தால் அது பொய்யாகிவிடும். அவருடைய லில்லிப் பூ படங்களை மகளிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பூவுக்கு விழும் அதே ஒளிதான் உடம்புக்கும் விழுகிறது. லைட்டிங் தெரிந்த உங்களுக்கு அது சட்டென்று பிடிபடும். அவர் இறந்த மறுவருடம், 1990-இல், அவருடைய கண்காட்சியை நடத்திய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் கலை மையத்தின் மேலும் அதன் இயக்குநர் மேலும் ஆபாச வழக்குப் போட்டார்கள். 175 படங்களில் 7 படங்கள்தான் வழக்கில் இருந்தன. ஜூரிகள் குற்றமில்லை என்று விடுவித்தார்கள்.

‘நம்ம ஊருக்கு இது ஆகாது’ என்று மட்டும் மகளிடம் சொல்லாதீர்கள். தாராசுரத்திலிருந்து தஞ்சாவூர் கலைக்கூடத்துக்கு வந்த பிட்சாடனர், அதாவது பிச்சையெடுக்கும் கோலத்துச் சிவன், ஆடையில்லாமல்தான் நிற்கிறார், பக்கத்தில் ரிஷிபத்தினிகள். அதே சமயம், அவரைக் காட்டி மகள் உங்கள் வாயை அடைப்பதையும் நான் ஒப்பமாட்டேன். கல்லில் இருப்பவருக்கு ஒரு புராணமும் பக்தியும் துணை நிற்கின்றன. கேமரா முன்னால் நிற்பவர் நம்மைப்போல் ஓர் ஆள்.

நீங்கள் பேசவேண்டிய இடம் அதுதான், ஐயா. 26 வருடத்தில் எத்தனை பெண்களிடம் “முந்தானையைச் சரி பண்ணிக்கம்மா” என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்தியிருப்பீர்கள்! உங்களை நம்பித்தானே அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்? மேப்பிள்தார்ப் 1980-இல் எடுத்த பிரபலமான படம் ஒன்று இருக்கிறது: பாலியெஸ்டர் சூட் போட்ட ஒரு கறுப்பின ஆண், பேண்ட்டுக்கு வெளியே ஆணுறுப்பு. ஆனால் தலை இல்லை, வெட்டியிருக்கிறார். கறுப்பின ஆண்களை மனிதர்களாகப் பார்க்காமல் வெறும் உடம்பாகப் பார்த்தார் என்று கறுப்பின எழுத்தாளர்கள் சிலரே அவர்மேல் கோபப்பட்டார்கள். எனக்கும் அந்தப் படத்தில் நிர்வாணம் உறுத்தவில்லை, முகம் இல்லாததுதான் உறுத்துகிறது. உங்கள் ஸ்டுடியோவில் முகம் வெட்டுப்பட்டால் திரும்ப எடுப்பீர்கள். அவர் வேண்டுமென்றே வெட்டினார். ஏன் என்று மகளைக் கேளுங்கள். வகுப்பில் அவளுக்குக் கிடைக்காத பேச்சு உங்களிடம் கிடைக்கும்.

இன்றைக்கே லேப்டாப்பை அவள் கையில் கொடுத்து, “பிடுங்கினது தப்பும்மா, எனக்குப் பார்க்கக் கூச்சமா இருந்துச்சு” என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவேண்டியதில்லை, இருவருக்குமே சங்கடம். கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாகப் பார்க்கட்டும். கட்டுரையை எழுதி முடித்ததும் படிக்கத் தருவாயா என்று கேளுங்கள். தரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பூ படங்களைப் பற்றி மட்டுமாவது கேளுங்கள், அந்த வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று.