செடி வைக்கும் ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: கடலோர வீடு. கிழக்கு ஜன்னலின் இரும்புச் சட்டம் துருவேறிச் செதில் செதிலாக உதிர்கிறது. புதிதாக மாற்றி, உள்திண்டில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, துளசி வைக்க ஆசை. பழுப்பு ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போட்ட ஸ்லைடிங் ஜன்னலே போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?
- வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: ஸ்லைடிங் சரி, அந்தக் கண்ணாடிதான் வேண்டாம். 5 மி.மீ. சாதாரண வெள்ளைக் கண்ணாடி சுமார் 88 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். அடர் பழுப்பு ரிஃப்ளெக்டிவ் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட விடாது. மணி பிளாண்ட் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். துளசியோ கணு நீண்டு, இலை சிறுத்து, கண்ணாடிப் பக்கமே சாய்ந்து நிற்கும். பீஸ் லில்லிக்கு நேர் வெயில் ஆகாது, அதை ஓரமாகத் தள்ளி வையுங்கள். வெயில் அதிகமென்றால் திரை போட்டுக்கொள்ளலாம், கண்ணாடியை அடிக்கடி மாற்ற முடியாதே!

கீழே 1 அடி உயரத்துக்குத் திறக்காத கண்ணாடி, அதற்கு மேல் ஸ்லைடிங் என்று கேளுங்கள். தொட்டிகளை நகர்த்தாமலே ஜன்னலைத் திறக்கலாம், காற்றும் செடியை நேராக அடிக்காது. புயல் வரும் ஊர் என்பதால் டஃபன்ட் (சூடாக்கி உறுதிப்படுத்திய) கண்ணாடி நல்லது. ஆனால் அதைப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. எனவே பழைய சட்டத்தைப் பெயர்த்து, பூச்சு முடித்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலம், உயரம் இரண்டையும் மும்மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவிலிருந்து 10 மி.மீ. கழிக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் ஃபோமும் சிலிக்கானும். ஜன்னல் வந்து சேரும்வரை திறப்பைத் தார்ப்பாயால் மூட வேண்டியிருக்கும், ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சட்டம் வெள்ளை யூபிவிசியாக (ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக்) இருக்கட்டும். அது துருப்பிடிக்காது, திருகாணிதான் காலை வாரும். கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கீழ் டிராக்கில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடிதுளை வழியாக வெளியே போக வேண்டும். தொட்டி மண்ணும் சருகும் அந்தத் துளையை அடைத்தால், அடைமழையில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

கேள்வி: எங்களுடையது மேற்கு ஜன்னல். சன்ஷேடு இருந்தும் இலை கருகுகிறது.
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாலை வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடு தடுக்காது. வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே திரை போட்டால், கண்ணாடி தாண்டி வந்த சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். தொட்டிகளைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்த இடத்துக்கு ஸ்நேக் பிளாண்ட் பொருந்தும்.