சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையில் 48 வந்திருக்கிறது, 35-க்குள் இருக்க வேண்டுமாம். புற்றுநோயா?

அந்த ஒரு எண்ணை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. நான் லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லோர் கண்ணும் தடித்த எழுத்தில் இருக்கும் அந்த எண்ணுக்கும், பக்கத்தில் 'அதிகம்' (ஹை) என்பதைக் குறிக்கும் 'ஹெச்' எழுத்துக்கும்தான் போகும். அதைப் போடுவது கம்ப்யூட்டர். 36 வந்தாலும் போடும், 3,600 வந்தாலும் போடும்.

சிஏ 125 புற்றுநோய்க் கட்டியில் மட்டும் சுரக்கும் புரதம் இல்லை. கருப்பையின் உள்சுவர், வயிற்றின் உள்சவ்வு எல்லாம் அதைச் சுரக்கும். அதனால் மாதவிலக்கு நாட்களில், கர்ப்பத்தில், எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), கருப்பையில் ஃபைப்ராய்டு என்ற புற்றுநோய் அல்லாத கட்டி இருந்தால் ஏறும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில்கூடப் போகும். மாதவிலக்கு நின்றவர் என்றால் அதே 48-ஐ டாக்டர் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். எப்படியும் அடுத்தது ஸ்கேன்தான். சந்தேகம் தீரவில்லை என்றால் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். முடிவைச் சொல்வது அதுதான்.

நார்மல் என்று வந்துவிட்டால் நிம்மதி என்றும் இல்லை. ஆரம்ப நிலை சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏறுவதே இல்லை. அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் இதையும் சேர்த்து எடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காசுக்குப் பயத்தை வாங்குகிற வேலை. புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் மற்ற மார்க்கர்களும் இப்படித்தான்: புகை பிடித்தால் சிஇஏ ஏறும், பித்தக்குழாயில் கல் அடைத்தால் சிஏ 19-9 ஏறும்.

இந்தப் பரிசோதனை நிஜமாக உதவுவது ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களுக்கு. அங்கே பார்ப்பது எண் போகிற போக்கை. 9, 17, 29 என்று ஏறிக்கொண்டே வந்தால், எல்லாம் 35-க்குள்தானே என்று டாக்டர் விட்டுவிட மாட்டார். ஒவ்வொரு கம்பெனி கிட்டிலும் எண் கொஞ்சம் மாறும் என்பதால், மறுபடி எடுக்கச் சொன்னால் அதே லேபில் கொடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், சில மெஷின்களில் அது ரிசல்ட்டைக் குழப்பிவிடும்.

இப்போதைக்கு, ரத்தம் கொடுத்த தேதியையும் கடைசி மாதவிலக்குத் தேதியையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பழைய ஸ்கேன் ஏதும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மகளிர் நோய் டாக்டரிடம் போங்கள்.