நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், மகளை மைக்ரோஸ்கோப் முன் உட்கார வையுங்கள்

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. நிலத்தை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று உங்கள் தம்பி நெருக்குகிறார். தூக்கமே வரவில்லை என்கிறீர்கள், வராதுதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: ரெக்கார்டு நோட்டில் பாசி படம் வரைய உட்கார்ந்தால் அவளுக்குச் சாப்பாடுகூட ஞாபகம் வராது. மருத்துவத்தைப் பற்றி அவள் ஆசையாகப் பேசியதாக நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தாய்மாமன் சீர் செய்யட்டும், படிப்பை அவள் பார்த்துக்கொள்வாள். பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

நர்சிங், பார்மசி, பி.எட். பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்ல வருவது கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளை, அதாவது பைட்டோபிளாங்க்டனை, எண்ணிக் கண்காணிக்கும் வேலை. கடல் மீன்களின் தீனிச் சங்கிலி இதில்தான் தொடங்குகிறது. இது அளவு மீறிப் பெருகினால் நீரில் ஆக்சிஜன் குறையும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிரி பெருகி, நீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின.

வேலை இப்படி நடக்கும். குறிப்பிட்ட ஆழத்தில் நிஸ்கின் பாட்டிலில் நீர் எடுப்பார்கள். செல்கள் கெடாமலிருக்க 1 லிட்டரில் லூகால் அயோடின் கரைசலை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை சேர்த்து, இருட்டில் 24 முதல் 48 மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் 10 மி.லி. மட்டும் விடுவார்கள். அதைக் கலக்கி, 1 மி.லி.யை ஆயிரம் கட்டங்கள் கொண்ட செட்ஜ்விக்-ராஃப்டர் கண்ணாடியில் ஊற்றி எண்ணுவார்கள். முழுக் கண்ணாடியில் 400 செல் என்றால் லிட்டருக்கு 4,000. 400 எண்ணினால் பிழை சுமார் 10 சதவீதத்துக்குள் நிற்கும். நாற்பதோடு நிறுத்தினால் 30 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கெட்டுப்போகும் இடங்களும் இதிலேதான். வெயிலில் வைத்த பாட்டிலில் அயோடின் நிறம் வெளுத்து, எடுத்த மாதிரி நீர் அழுகும். அயோடினுக்குப் பதில் ஃபார்மலின் ஊற்றினால், சாட்டை போன்ற இழையால் நீந்தும் மென்மையான சாட்டையுயிரிகள் உருக்குலையும். ஸ்கெலிடோனீமா என்ற பாசியின் செல்கள் சங்கிலியாக இருக்கும், சங்கிலியை ஒன்றாக எண்ணிவிட்டால் கணக்கே பொய். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கண்ணுள்ள வலையில் இழுத்தால் சின்னவை நழுவிவிடும். அதனால் வலை இனம் காண, பாட்டில் எண்ணிக்கைக்கு.

செயற்கைக்கோள் வந்துவிட்டதே என்று யாராவது கேட்பார்கள். 2022 நவம்பர் 26-இல் ஏவிய ஓஷன்சாட்-3 கடலின் நிறத்தை வைத்துக் குளோரோபில்லை, அதாவது பாசியின் பச்சையத்தை, கணிக்கிறது. மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது, கரையோரச் சேறும் ஏமாற்றும். எந்த இனம் என்று சொல்ல மைக்ரோஸ்கோப்பில் பழகிய கண் வேண்டும்.

கப்பல்கள் நிலையாக மிதக்க ஏற்றி, பிறகு வெளியேற்றும் பேலஸ்ட் நீரிலும் இதுபோன்ற எண்ணிக்கைதான். 10 முதல் 50 மைக்ரான் அளவுள்ள, உயிரோடு இருக்கும் உயிரிகள் மி.லி.க்கு 10-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தச் சோதனைக்குத் தனியார் ஆய்வகங்களும் ஆள் எடுக்கின்றன.

படிப்புச் செலவு? வேலூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரியில் தாவரவியல் அல்லது விலங்கியல். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தில் எம்.எஸ்சி. கடல் உயிரியல். காட்பாடியிலிருந்து விழுப்புரம் வழியாக ரயிலிலேயே போகலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டப் பணிகள். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கடன் இல்லாத குடும்பத்துக்கு அது தாங்கும். நிலத்தை வைத்த குடும்பம் அதில் மூழ்கிப்போகும். படகில் போவதும் உண்டு, வாந்தியும் வரும். ஆனால் பெரும்பகுதி நேரம் ஆய்வகத்தில்தான், பெண்பிள்ளை என்று பயப்பட இதில் ஒன்றுமில்லை.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை. மோர்தானா அணையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, அன்றே அவள் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் இரண்டு மணி நேரம் தெரிவதை எண்ணி வரையச் சொல்லுங்கள். நன்னீர்ப் பாசிதான், பரவாயில்லை, வேலையின் தன்மை ஒன்றே. அரை மணியில் சலித்தால் இந்தப் படிப்பையும் விட்டுவிடுங்கள், வேறு பார்ப்போம்.